ஓரத்தில் சின்ன எழுத்தில்

கல்யாணப் பெண்ணுக்குப் போடுகிற ஒப்பனையின் ஆயுள் அதிகம் போனால் பத்து மணி நேரம். காலை நாலு மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடித்தாக வேண்டும். மதியச் சாப்பாட்டோடு உதட்டுச் சாயம் போய்விடும். சாயங்காலம் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால், இரண்டரை மணி நேர வேலை நாலு பஞ்சுத் துண்டாகக் குப்பைக்கூடைக்குப் போகும். தையல்காரருக்கு ரவிக்கை மிஞ்சுகிறது. சமையல்காரருக்குக்கூட நாலு பேர் நாக்கில் பெயர் நிற்கிறது. கவிதை எழுதுகிறவருக்குக் கேட்கவே வேண்டாம், யாரும் படிக்காவிட்டாலும் தாள் இருக்கும். ஒப்பனை செய்பவருக்கு மிஞ்சுவது ஒரு படம்தான். அதை எடுத்தவர் இன்னொருவர். அதில் இருக்கும் முகம் வேறொருவருடையது.

அப்படியானால் இந்தத் தொழிலில் ஒருவர் தன் கைத்திறனை எதைக் காட்டி நிரூபிப்பது? இதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. 'டியர் ஷீட்' என்பார்கள். பத்திரிகையில் வந்த பக்கத்தை அப்படியே கிழித்தெடுத்து, பிளாஸ்டிக் உறையில் செருகி, போர்ட்ஃபோலியோவில் வைத்துக்கொள்வது. இப்போது யாரும் கிழிப்பதில்லை, பிடிஎஃப் வந்துவிட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. நீங்களே எடுத்து வைத்திருக்கும் படத்துக்கும் பத்திரிகையில் வந்த படத்துக்கும் என்ன வித்தியாசம்? அதே முகம், அதே மை, அதே வெளிச்சமாகக்கூட இருக்கலாம். ஆனால் இரண்டாவது படத்தை உங்களுக்கு உறவோ நட்போ இல்லாத ஒருவர், மற்ற பல படங்களுக்கு நடுவே பார்த்து, "இது இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஏஜென்சிகள் "பப்ளிஷ்டு வொர்க் இருக்கா?" என்று கேட்கின்றன.

என் சித்தி மகளிடமும் அதைத்தான் கேட்டார்கள். கிள்ளானில் இருக்கிறாள். வார நாள்களில் ஒரு பல் மருத்துவர் கிளினிக்கில் முன்பதிவு மேசை வேலை, சனி ஞாயிறு கல்யாண ஒப்பனை. ஆறு வருடமாகச் செய்கிறாள். கோலாலம்பூரில் ஓர் ஏஜென்சிக்குத் தன் படங்களைக் கொண்டுபோனாள். விளம்பரம், ஃபேஷன் பக்கம் போகலாம் என்று ஆசை. புரட்டிப் பார்த்த அம்மா, "எல்லாம் கல்யாணமா இருக்கே, வெளியான வேலை நாலு சேர்த்துக்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தவறாகச் சொல்லவில்லை, அவர் நிலையில் யாரும் அதைத்தான் சொல்வார்கள். இவள் நேரே எனக்குப் போன் போட்டாள், நான் ஏதோ எழுதுகிறேன் என்ற ஒரே காரணத்துக்காக.

"அக்கா, நீங்க எழுதுறது வெளியாகுதே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"மின்னஞ்சல்ல அனுப்பிட்டுக் காத்திருப்பேன்."

"காசு குடுப்பாங்களா?"

"பெரும்பாலும் இல்ல."

"நீங்க கட்டணுமா?"

"ஐயோ, இல்ல."

"அப்போ பரவால்ல லா," என்றாள். அந்தப் 'பரவால்ல'வை அன்றைக்கு நான் சரியாகப் பிடிக்கவில்லை. அவள் உலகத்தில் கட்டவும் வேண்டியிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

இலக்கியம் படிக்கிற நம்மில் பலருக்கு இந்த உலகம் அந்நியம் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு படப்பிடிப்புக்கு ஐந்து பேராவது வேண்டும்: படம் எடுப்பவர், மாடல், உடை பார்ப்பவர், முடி பார்ப்பவர், முகம் பார்ப்பவர். யாரிடமும் பணம் இல்லை. எல்லாருக்கும் படம் வேண்டும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, கூலி இல்லாமல் வேலை செய்து, கிடைத்த படங்களைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். டெஸ்ட் ஷூட் என்று பெயர். அதில் தேறிய எட்டுப் பத்துப் படங்களை ஒரு தொகுப்பாக்கி, படம் எடுத்தவர் சிறு பத்திரிகைகளுக்கு அனுப்புவார். முடிவு வரும்வரை யாரும் ஒரு படத்தைக்கூட இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது. வெளிவந்த படம் பத்திரிகைக்கு வேண்டாம். வாரக்கணக்கில், சிலநேரம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அச்சாகும் பத்திரிகைகளில் பல, ஆர்டர் வந்தால் மட்டும் அச்சடிப்பவை. வாங்குபவர்கள் யார்? பெரும்பாலும் அந்த இதழில் பெயர் வந்தவர்களும் அவர்களுடைய அம்மாக்களும்தான். (சிரிக்க வேண்டாம், நம் பக்கத்திலும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.)

பெரிய பத்திரிகைகளிலும் இந்தப் பக்கங்களுக்குக் கிடைக்கும் கூலி குறைவு என்பது ஊரறிந்த சங்கதி. பணம் விளம்பரத்தில், பெயர் பத்திரிகையில். முதலில் பெயரைச் சேர், பணம் பின்னால் வரும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். உதாரணமும் தயாராக வைத்திருப்பார்கள். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் வந்த கெவின் ஓக்வான், பெயர் தெரியாத மாடல்களுக்கு இலவசமாக முகம் செய்துகொடுத்தே தன் படத்தொகுப்பைக் கட்டினார். பிறகு 'வோக்' வரை போனார். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் ஜமைக்காவிலிருந்து குடியேறிய தாய்க்குப் பிறந்த பாட் மெக்ராத், 'ஐ-டி' போன்ற மாற்றுப் பத்திரிகையில் செய்த வேலைகளால் அறியப்பட்டு, 2021 புத்தாண்டு விருதுப் பட்டியலில் 'டேம்' பட்டம் பெற்றார். ஓர் ஒப்பனைக் கலைஞருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. இரண்டும் உண்மைக் கதைகள். ஆனால் அதே நகரங்களில் அதே வருடங்களில் இலவசமாக முகம் செய்துவிட்டு ஊர் திரும்பியவர்களின் கதையை யாரும் சொல்லமாட்டார்கள், சொல்ல அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது.

கூலியில்லாத டெஸ்ட் ஷூட் தவறு என்று நான் நினைக்கவில்லை. அந்த அறையில் யாரும் சம்பாதிக்காதபோது அது ஒரு கூட்டாஞ்சோறு. எல்லாரும் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் அதைக் கடையில் வைத்து விற்கத் தொடங்கும்போதுதான் சிக்கல்.

ஒரு சேலைக் கடை தீபாவளிக்குப் படத்தொகுப்பு போட்டது. மூன்று மாடல்கள், பன்னிரண்டு சேலைகள். இவளைக் கூப்பிட்டார்கள். "பட்ஜெட் இல்லம்மா, ஆனா புத்தகத்துல பேரு போடுவோம், உனக்கு நல்ல எக்ஸ்போஷர்." காலை ஐந்து மணிக்குக் காடியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனவள் இரவு எட்டுக்குத்தான் வீடு திரும்பினாள். மூன்று வாரம் கழித்துப் புத்தகம் வந்தது. பளபளப்பான தாள். கடைசிப் பக்கத்து ஓரத்தில் சின்ன எழுத்தில் படம் எடுத்தவர் பெயர், இடம் கொடுத்த ஹோட்டல் பெயர், நகை இரவல் கொடுத்த கடையின் பெயர், அவர்களுடைய தொலைபேசி எண்கூட. இவள் பெயர் இல்லை. புலனத்தில் கேட்டாள். "சாரிம்மா, மறந்துட்டாங்க. ஸ்டோரில டேக் பண்ணிடுறோம்" என்று பதில் வந்தது. இன்ஸ்டாகிராம் ஸ்டோரி இருபத்து நாலு மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் என்னை யோசிக்கவைத்தது, அந்த 'மறந்துட்டாங்க' ஏன் அவ்வளவு இலகுவாக வந்தது என்பதுதான். ஹோட்டலின் பெயர் மறக்கவில்லையே.

நான் வந்து சேர்ந்த இடம் இது. பெயர் போடுவதைக் கூலியாக எண்ணத் தொடங்கிய நாளிலேயே பாதிக் கேடு நடந்துவிடுகிறது. கூலி என்றால் கொடுப்பவர் கையில் இருக்கும் பொருள். தாமதமாகக் கொடுக்கலாம், குறைத்துக் கொடுக்கலாம், இன்னொரு வடிவத்தில் கொடுக்கலாம். 'ஸ்டோரில டேக்' என்பது சில்லறை இல்லாததால் மிட்டாய் கொடுப்பது மாதிரி. வாங்குபவரும் அப்படியே பழகிவிடுகிறார்: கேட்டால் பேராசைக்காரி என்று நினைப்பார்களோ என்று தயங்குகிறார். ஆனால் ஒரு படத்தின் கீழே 'ஒப்பனை: இன்னார்' என்று எழுதுவது அடிப்படையில் ஒரு தகவல். இந்த வேலையை யார் செய்தார் என்பதைப் பற்றிய உண்மை. கூலி கொடுத்தாலும் அது உண்மைதான், கொடுக்காவிட்டாலும் உண்மைதான். அந்தச் சேலைப் புத்தகம் எல்லாருடைய பெயரையும் எழுதிவிட்டு இவள் பெயரை விடும்போது, படிக்கிறவரிடம் ஒரு பொய்யைச் சொல்கிறது: இந்த முகங்கள் தாமாகவே இப்படி இருந்தன என்று. பாதிக்கப்பட்டது இவள் மட்டுமில்லை. அதைப் புரட்டி, 'அந்தப் பொண்ணு எவ்வளவு பளிச்சுன்னு இருக்கா, நமக்கு மட்டும் ஏன் இப்படி' என்று நினைத்துக்கொள்ளும் பதினெட்டு வயதுப் பிள்ளையையும் அது ஏமாற்றுகிறது.

இப்படிப் பார்த்தால் இன்னொரு பக்கமும் வந்து நிற்கும், அது அவளுக்குச் சாதகமானதில்லை. பெயர் என்பது உண்மைத் தகவல் என்றால், செய்யாத வேலைக்குப் பெயர் வாங்குவதும் பொய்தானே?

அதே புத்தகத்தில் ஒரு படம். மாடல் நல்ல கறுப்பு நிறம், தஞ்சோங் காராங் பக்கத்துப் பெண். இரண்டு ஃபவுண்டேஷனைக் கலந்து, கழுத்துக்கும் முகத்துக்கும் ஒரே நிறம் வரும்வரை, அந்தப் பெண்ணின் தோள்பட்டையில் தடவித் தடவிப் பார்த்து, நாற்பது நிமிடம் செலவழித்திருக்கிறாள். இந்த நிறத்துக்கு ஏற்ற பூச்சு கடையில் கிடைப்பதே நீண்ட காலம் குதிரைக் கொம்பாக இருந்தது. 2017இல் ரிஹானாவின் 'ஃபெண்ட்டி பியூட்டி' நாற்பது நிறங்களோடு வந்தபோது அது உலகச் செய்தியானதே அதனால்தான். கலக்கத் தெரிவதுதான் நம் பக்கத்து ஒப்பனைக்காரர்களின் நிஜமான படிப்பு. அச்சில் வந்தபோது அந்தப் பெண் கோதுமை நிறத்தில் இருந்தாள். தோலின் துளைகள் எல்லாம் வழித்துத் துடைக்கப்பட்டு, உதட்டின் செங்கல் நிறம் இளஞ்சிவப்பாகி, மூக்கின் நிழல்கூட மாறியிருந்தது. கணினியில் யாரோ செய்த வேலை.

"இது நான் போட்டதே இல்லக்கா," என்றாள். "பேரு போடாம விட்டது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பிரச்சினை அப்படியே இருந்தது. ஏஜென்சி கேட்ட 'வெளியான வேலை' அவளிடம் இருந்தது இது ஒன்றுதான். இதை வைத்தால், தன்னுடையது அல்லாத ஒரு முகத்தைத் தன் கைவேலை என்று காட்டுவதாகும். அதைவிட மோசம், அடுத்துத் தேடி வருகிறவர்கள் 'கறுப்பா இருந்தவளை எவ்வளவு வெள்ளையாக்கியிருக்கா பாரு' என்று வருவார்கள். எதைக் காட்டுகிறோமோ அதைத்தான் திரும்பக் கேட்பார்கள். ஏற்கனவே பெண் வீட்டார் பாதிப் பேர் "கொஞ்சம் வெள்ளையா தெரியணும்" என்றுதான் பேச்சையே தொடங்குகிறார்கள். அவள் ஒவ்வொரு முறையும் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து, கழுத்தைக் காட்டி, பொறுமையாகப் பேசி, நிறத்தை இழுத்துப் பிடித்து நிறுத்துகிறாள். வெள்ளையாக்கப்பட்ட ஒரு படத்தைத் தன் புத்தகத்தில் முதல் பக்கமாக வைத்துவிட்டு அந்தப் பேச்சை எப்படிப் பேசுவாள்?

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப்போனேன். சட்டம் எனக்குத் தொழில் இல்லை, ஆனால் நீதிபதிகள் சிலநேரம் எதிர்பாராத இடங்களில் தத்துவம் பேசிவிடுவார்கள். 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஆடம் ஆன்ட் என்ற பாப் பாடகர் கன்னத்தில் சிவப்பும் நீலமுமாகப் பட்டைக் கோடுகள் இட்டுக்கொண்டு மேடையேறுவார். அந்தக் கோடுகளை வேறொரு நிறுவனம் தன் சுவரொட்டிகளில் பயன்படுத்தியது. முகக் கோடுகள் ஓவியம், ஆகவே காப்புரிமை உண்டு என்று பாடகர் தரப்பு வாதிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. ஓவியம் என்றால் அதற்கு ஒரு பரப்பு வேண்டும். சாயத்தை முகத்திலிருந்து எடுத்துவிட்டால் ஓவியம் எங்கே இருக்கிறது என்பது அவர்களின் கேள்வி. 2000ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கூட்டரசு நீதிமன்றம் ஒன்று, 'கேட்ஸ்' இசைநாடகத்தின் பூனை முகங்கள் தொடர்பான வழக்கில் நேரெதிராகப் பேசியது. அந்த ஒப்பனை வடிவங்கள் நடிகர்களின் முகங்களில் நிலைபெற்றவையே என்றது. ஒரே கேள்வி, ஒரு நீதிமன்றத்துக்கு முகம் ஒரு பரப்பு, இன்னொன்றுக்கு இல்லை.

நமக்குப் பக்கத்தில், சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைப்பாளியின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதை ஓர் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஒரு புகைப்படத்துக்குப் படைப்பாளி என்றால் படம் எடுத்தவர்தான். முகத்தைச் செய்தவர் அதற்குள் வருவதில்லை. திரைப்படத்துக்கும் இதே கதைதான். ஆஸ்கார் விருது 1929இலிருந்து வழங்கப்படுகிறது. ஒப்பனைக்கென்று நிரந்தரப் பிரிவு வந்தது 1981ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான். அதுவும் ஒரு மனிதன் ஓநாயாக மாறும் படத்துக்கு, ரிக் பேக்கருக்குப் போனது. ஓநாயாக்கினால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. மனித முகத்தை மனித முகமாகவே காட்டுவதில் என்ன வேலை இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள் போல.

கதகளியில் 'சுட்டி' என்று ஒன்று உண்டு. தாடையோரமாக வெள்ளை விளிம்பு கட்டும் வேலை. முன்பு அரிசி மாவும் சுண்ணாம்புமாகக் கட்டினார்கள், இப்போது தாளும் சேர்ந்துவிட்டது. நடிகர் தரையில் மல்லாந்து படுத்திருப்பார். சுட்டிக்காரர் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கட்டுவார். விடிந்ததும் பிய்த்துப் போட்டுவிடுவார்கள். கேரளக் கலாமண்டலத்தில் அது தனிப் பாடம். படித்துத் தேர்ந்து வருகிறார்கள். அந்த மரபுக்குள் இருப்பவர்களுக்கு முகத்தைப் பார்த்தாலே யார் கை என்று தெரியும் என்பார்கள். அழிவது என்பதால் அது யாருடையதும் இல்லை என்று ஆகிவிடவில்லை. அறிந்தவர்களின் ஒரு வட்டம் இருக்கும்வரை டியர் ஷீட் தேவைப்படவில்லை. வட்டம் இல்லாத நகரத்தில்தான், நம்மை அறியாதவருக்குத் தாளைக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆங்கிலேய நீதிபதிகளோடு எனக்கு உடன்பாடில்லை என்று சொல்லவந்தேன். ஆனால் ஒரு விஷயத்தில், அவர்கள் நினைத்தே பார்க்காத ஒரு விதத்தில், அவர்கள் சொன்னது சரி. முகம் ஒரு பரப்பு மட்டும் இல்லை.

சித்தி மகள் இதுவரை செய்ததிலேயே சிறந்தது எது என்று கேட்டால் தயங்காமல் ஒன்றைச் சொல்வாள். காப்பார் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வலது கன்னத்தில் சின்ன வயதில் சுட்ட தழும்பு. அதை மறைக்க வேண்டாம், ஆனால் முதலில் கண்ணில் படவும் வேண்டாம் என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். எவ்வளவு நுட்பமான வேண்டுகோள்! இவள் அதைச் செய்துகொடுத்தாள். கைப்பேசியில் எடுத்த படத்தை எனக்குக் காட்டக்கூட இல்லை, வாயால் விவரித்தாள். ஏனென்றால் கிளம்பும்போது அந்த ஆசிரியை, "படத்தை எங்கயும் போட்றாதீங்க, ப்ளீஸ்" என்று சொல்லியிருக்கிறாள். ஏஜென்சிக்காரம்மா "வெளியான வேலை" கேட்ட பிறகு இவளுக்கு ஓர் ஆசை: ஒரு வருடம் ஆகிவிட்டதே, இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமா, ஏதாவது பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று.

நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசினோம். கேட்பதில் தவறில்லை என்பது அவள் கட்சி. 'இல்லை' என்று சொன்னால் விட்டுவிடப் போகிறாள். என் தயக்கம் வேறு. ஒருமுறை சொல்லியாகிவிட்டது. மறுபடியும் கேட்டால், அந்தப் பெண் இப்போது காரணம் சொல்ல வேண்டியவளாகிவிடுவாள். தன் முகத்தை ஏன் தரவில்லை என்று ஒருவர் விளக்கம் கொடுக்க வேண்டிய நிலையே சரியில்லை. தவிர, விடியற்காலை நாலு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு முகத்தை இன்னொருத்தியின் கையில் கொடுத்தவள் அவள். அந்த நம்பிக்கைக்குள் படம் போடும் சம்மதம் அடங்காது. இப்போது பல ஒப்பனைக்காரர்கள் முன்பதிவுப் படிவத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள், படம் வெளியிடச் சம்மதித்தால் ஐம்பது வெள்ளி தள்ளுபடி என்று. கேட்டுத்தானே வாங்குகிறார்கள், நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஐம்பது வெள்ளி யாருக்கு முக்கியம்? பெரிய மண்டபத்தில் கல்யாணம் வைக்கும் வீட்டுக்கு அது ஒன்றுமில்லை. வாடகை வீட்டில் பந்தல் போடும் வீட்டுப் பெண்தான் கையெழுத்துப் போடுவாள். கடைசியில் காட்சிக்கு வருவது அவள் முகமாகவே இருக்கும். அவள் அந்த வரியைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டாள். ஆசிரியையிடம் கேட்கவும் இல்லை. என் வாதத்தால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் காரணம் அதில்லை. "அவங்க முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வாய் வராதுக்கா," என்றாள்.

பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. ஒரு டெஸ்ட் ஷூட் படங்களை அனுப்பியிருந்தார்கள். வெளிநாட்டுச் சிறு பத்திரிகை ஒன்றிலிருந்து பதில். வாழ்த்துகள், உங்கள் தொகுப்பு தேர்வாகியிருக்கிறது, பக்கத்தை உறுதிசெய்ய முந்நூறு வெள்ளி அளவுக்கு ஒரு தொகையைக் கட்டுங்கள். கூடுதலாகக் கட்டினால் அட்டைப்படம். குழுவில் ஐந்து பேரும் ஆளுக்கு அறுபது போட்டால் முடிந்தது.

இதைத் தவறு என்று சொல்ல எனக்கு என்ன அருகதை என்றுதான் முதலில் யோசித்தேன். மலேசியத் தமிழில் புத்தகம் போடுகிறவர்களில் எத்தனை பேர் சொந்தக் காசில் போடுகிறோம்! மண்டபம் பிடித்து, சால்வை வாங்கி, நாமே அழைப்பிதழ் கொடுத்து வெளியீடு வைக்கிறோம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சொந்தக் காசில் போட்ட புத்தகம், 'இதை நான் நம்பிப் போட்டேன்' என்று வெளிப்படையாகச் சொல்கிறது. படிக்கிறவருக்கும் அது தெரியும். இங்கே விற்கப்படுவது பக்கம் மட்டும் இல்லை. 'யாரோ ஒருவர் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்' என்ற சாட்சியம் விற்கப்படுகிறது. அந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு வந்ததே காசு கொடுத்து வாங்க முடியாது என்பதால்தான். படிப்பதற்குக் கட்டணம் வாங்கி, தேர்வானாலும் ஆகாவிட்டாலும் அதே கட்டணம் என்று வைப்பவர்களோடு எனக்கு இவ்வளவு சண்டை இல்லை. தேர்வான பிறகு கேட்கப்படும் காசு, அந்தத் தேர்வையே சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது.

இதை அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு ஒன்று சொன்னாள். அவளோடு படித்த ஒரு பெண் போன வருடம் இதே மாதிரி கட்டியிருக்கிறாள். அட்டைப்படமே வாங்கினாள். அதைக் கொண்டுபோய்க் காட்டியதும் வேலை கிடைத்தது. எந்தப் பத்திரிகை, எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. அந்தப் பெண் திறமைசாலி என்று இவளே சொல்கிறாள். வேலை கிடைத்தது அநியாயமும் இல்லை. கதவு காசுக்குத்தான் திறக்கும் என்றால், காசு கொடுத்து நுழைந்தவளைவிடக் கதவில் நிற்பவர் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. அதே சமயம், ஒவ்வொருத்தரும் கட்டக் கட்ட, கட்ட முடியாதவளின் உண்மையான பக்கமும் சந்தேகத்துக்கு ஆளாகிறது என்பதும் பொய்யில்லை. உண்மையாக இருந்தால் உனக்கும் ஒரு நாள் கதவு திறக்கும் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அறுபது வெள்ளி அவளுடையது, முடிவும் அவளுடையது என்றேன்.

குழுவில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், அதனால் அந்தத் தொகுப்பு அந்தப் பத்திரிகைக்குப் போகவில்லை. தார்மீகக் காரணமெல்லாம் இல்லை, மாதக் கடைசி.

அவள் பிறகு தன் புத்தகத்தைத் தானே அச்சடித்தாள். ஷா ஆலமில் ஒரு கடையில், இருபத்து நாலு பக்கம். 'வெளியானது' என்று எங்கும் எழுதவில்லை. சேலைப் புத்தகத்துக் கோதுமை நிறப் பெண்ணை வைத்திருக்கிறாள், ஆனால் எதிர்ப்பக்கத்தில் அதே பெண்ணை அதே காலையில் ஜன்னலோரம் தன் கைப்பேசியில் எடுத்த படம். அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கிய அனுமதியோடு. கீழே குறிப்பு: இடதுபக்கம் அச்சில் வந்தது, நிறம் கணினியில் மாற்றப்பட்டது; வலதுபக்கம் நான் செய்தது. ஒவ்வொரு படத்துக்கும் எல்லாருடைய பெயரும் இருக்கிறது. வெளிச்சம் திருப்பும் வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாடலின் தம்பி பெயர்கூட. அவனுக்குப் பதினாலு வயது, பெயரைப் பார்த்துவிட்டு மூன்று பிரதி கேட்டானாம்.

அதே ஏஜென்சிக்குத்தான் மறுபடியும் கொண்டுபோனாள். அந்த அம்மா இடதும் வலதுமாக அந்த இரண்டு பக்கத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பத்திரிகை எங்கே என்று கேட்கவில்லையாம், கேட்காததற்கு இவளாலும் காரணம் சொல்ல முடியவில்லை. போன வாரம் ஒரு வேலை வந்திருக்கிறது. சவர்க்கார விளம்பரம், மூத்த ஒப்பனைக்காரர் ஒருவருக்கு உதவியாள், ஒரு நாள், இருநூற்று ஐம்பது வெள்ளி.

"இதுல பேரு எங்கயும் வராதுக்கா," என்று புலனத்தில் குரல் அனுப்பியிருந்தாள். "நீங்க சொன்ன கணக்குப்படி இது பொய்யா?"

விளம்பரத்தில் யார் பெயரும் வருவதில்லை. படம் எடுத்தவருடையது, மாடலுடையது, இடம் கொடுத்தவருடையது எதுவும். யார் செய்தது என்று அந்தப் பக்கம் எதையும் சொல்லிக்கொள்வதே இல்லை, சவர்க்காரத்தின் பெயரைத் தவிர. அதனால் போய் வா என்று பதில் போட்டேன். ஐந்து மணிக்கே இருக்க வேண்டுமாம். தூரிகைகளைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருக்கிறாள்.